பென்சிலில் ஒரு பதக்கம்

என் மாமனாரின் மார்பில் ஐந்து பதக்கங்கள் இருந்தன. அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நான்குதான் இருந்தன. அந்த மிச்சம் ஒன்றுக்காக ஒன்றரை வருடம் அலைந்தேன். அலைந்ததில் வருத்தமில்லை. எரிச்சல் மட்டும் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது செகந்திராபாத் பக்கம் அல்வாலில் இருந்தோம். எங்கள் காலனியில் இரண்டு வீட்டுக்கு ஒருவர் முன்னாள் பட்டாளத்துக்காரர். காலை நடைக்குப் போகிறவர்கள்கூட சேர்ந்தாற்போல் கால் எடுத்து வைப்பார்கள். குப்பை வண்டி ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் ஓட்டுநரை நிறுத்திக் காரணம் கேட்பார்கள். நான் திருச்சிக்காரி. மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவன் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிக்க ஆளை வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை என் அம்மா கடைசிவரை நம்பவில்லை. கணவருக்கும் அதே துறை. அப்போது ஆன்சைட் என்று அமெரிக்காவில் இருந்தார். வீட்டில் நான், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள், மாமனார், மூன்று பேர்தான். மாமியார் தவறி மூன்று வருடம் ஆகியிருந்தது.

மாமனாருக்குச் சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். ஆகஸ்ட் பதினைந்துக்கும் ஜனவரி இருபத்தாறுக்கும் காலனிப் பூங்காவில் கொடியேற்றுகிறவர் அவர்தான். காலனியில் வீரப் பதக்கம் வாங்கியவர் அவர் ஒருவர்தான் என்பது காரணம். மற்ற நான்கையும் பற்றி அவரே, "அது அந்த எடத்துல நின்ன எல்லாருக்கும் குட்த்தாங்கம்மா" என்று சொல்லிவிடுவார். ஐந்தாவதுதான் பதக்கம். எல்லையில் பனிமலையில் குண்டு பாய்ந்து கிடந்த ஒரு சிப்பாயை, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை முதுகில் சுமந்து முகாமுக்குக் கொண்டுவந்தார். அதில் அவருடைய இடது காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன. செருப்பு வாங்கப் போனால் கடைக்காரனுக்குக் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் காலை நீட்டுவார்.

அந்த வருடம் காலனிச் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். பட்டாளத்து ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பூங்கா வாசலில் ஒரு கல் நட்டு வீரப் பதக்கம் பெற்றவரின் பெயரைப் பொறிக்கலாம் என்பது அவருடைய யோசனை. மாமனாருக்கு வாயெல்லாம் பல். கல்லில் வெட்டினால் அழிக்க முடியாது, அதனால் ஆதாரம் வேண்டும், டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள் என்றார் செயலாளர். ஓய்வு பெறும்போது கையில் கொடுத்து அனுப்பும் புத்தகம் அது. சேர்ந்த நாள், போன இடம், வாங்கிய பதக்கம் எல்லாம் அதில் இருக்கும்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கொடியேற்றி முடித்து, எல்லோரும் மிட்டாய் மென்றுகொண்டிருந்தபோது மாமனார் புத்தகத்தைக் கொடுத்தார். செயலாளர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால் போனார், பின்னாலிருந்து முன்னால் வந்தார்.

"நாலுதானே சார் இருக்கு" என்றார். அப்புறம் மனசு கேட்காமல், "ஆவணங்களைச் சுத்தமா வச்சிருந்ததுக்கு ஒரு பாராட்டு இருக்கு, அதை வேணா போட்டுரலாமா?" என்று கேட்டார்.

பின்னாலிருந்து யாரோ, செகந்திராபாத் பஜாரில் எல்லா மெடலும் கிடைக்கும் என்று சொல்லிச் சிரித்தார்கள். சொன்னது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி ஆரம்பித்திருக்கும்.

மாமனார் அங்கேயே ஐந்தாவது பதக்கத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். மறுநாளிலிருந்து காலை நடையும் நின்றுபோயிற்று.

"புக்குல இல்லன்னா இல்லதாம்மா. பட்டாளத்துல அப்டித்தான். எழுதாதது நடக்கவே இல்ல" என்றார்.

"கால்ல விரல் இல்லையே மாமா. அது எங்கே போச்சாம்?"

"விரலு போனது எழுதிகீது. எதுக்குப் போச்சின்னுதான் எழுதல." பூட்டிய அலமாரியைப் பார்த்து, "நான் போய்ச் சேர்ந்தா எம்மேல அஞ்சும் வெச்சி எடுத்துகினு போவணும்னு நெனச்சிகினு இருந்தேன். இப்ப நாலுதான் வெக்கணும். நீ ஞாபகம் வெச்சிக்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பார்த்துக்கிறேன் மாமா என்றேன். "நீ தப்பு கண்டுபுடிக்கிற வேலைதான பண்ற. இத்தக் கண்டுபுடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரே முறையில் எழுதினேன். வேறு ஊரில் இருந்த ஆவண அலுவலகத்துக்கு, எங்கள் கம்பெனியில் பிழை அறிக்கை எழுதுவது போலவே ஒரு கடிதம். எதிர்பார்த்தது: ஐந்து பதக்கம். கிடைத்தது: நான்கு. தீவிரம்: மிக அதிகம். பிழையை மறுபடி வரவழைத்துப் பார்க்கும் வழி: புத்தகத்தைத் திறக்கவும்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தாங்கள் குறிப்பிடும் பதக்கம் பதிவில் இல்லை. அதைப் பதிவில் சேர்க்க, அது பதிவாகியுள்ள பக்கத்தின் நகலை இணைத்து அனுப்பவும்.

மூன்று முறை படித்தேன். எங்கள் கம்பெனியில் யாராவது இப்படி எழுதியிருந்தால் அவருக்கு அன்றைக்கே மத்தியானம் டீ கிடைத்திருக்காது.

உள்ளூரில் முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகம் ஒன்று இருந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அங்கிருந்த கிளார்க் நல்ல மனிதர், பழைய ஹைதராபாத்காரர். "கைக்கு பரேஷான் ஹோரே மேடம்?" என்று, ஏன் இப்படி அலைகிறீர்கள் என்கிற மாதிரி கேட்டு உட்காரவைத்தார். மாமனாரிடம் கேட்டு வாங்கிப் போயிருந்த பதக்கத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதன் விளிம்பைச் சுற்றி மாமனாரின் எண்ணும் பெயரும் வெட்டப்பட்டிருந்தன. இதைவிடவா ஆதாரம் வேண்டும் என்று கேட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதக்கம் பேசாது, காகிதம்தான் பேசும், பேரை எந்தக் கடையிலும் வெட்டிக்கொடுப்பார்கள் என்றார்.

எந்தக் கடையிலும் என்ற சொல் என்னைச் சுட்டது. ஒருவர் சொன்னால் நம்ப மாட்டேன், நானே செய்து பார்ப்பேன். என் தொழில் அப்படி. நேரே பஜாருக்குப் போனேன். சீருடையும் பித்தளைப் பட்டனும் விற்கும் கடையில் மாமனாருடையது மாதிரியே ஒரு பதக்கத்தைக் காட்டி, இதில் பெயர் வெட்டித் தருவீர்களா, இதற்கு அத்தாட்சி வேண்டாமா என்று கேட்டேன். வேண்டும் என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். "நாம் போலோ மேடம், தஸ் மினிட்" என்றார் கடைக்காரர், பெயரைச் சொன்னால் பத்தே நிமிடம் என்று. ஆத்திரத்தில் என் பெயரையே சொன்னேன்.

பத்து நிமிடத்தில் நான் வீராங்கனை ஆகிவிட்டேன். ஏழு நிமிடம் என்றுதான் சொல்ல வேண்டும், மூன்று நிமிடம் அவர் டீ குடித்தார்.

அதைச் சமையலறையில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மாமனார் பருப்பு டப்பாவைத் தேடுகிறவர் இல்லை என்று நினைத்தது என் தப்பு. பதக்கத்தை எடுத்துக்கொண்டு வந்து, "இது யாருதும்மா?" என்றார்.

"என்னுதுதான் மாமா."

"இன்னா பண்ணிட்டுக் குட்த்தாங்க?"

"பஜார் வரைக்கும் போயிட்டு வந்தேன்."

விளிம்பில் என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். "உன் புக்குலயும் ஏறியிருக்காதே" என்றார். நான்கு மாதத்தில் அவர் சொன்ன முதல் நகைச்சுவை அது. ஜனவரி இருபத்தாறு அன்று வேறொருவர் கொடியேற்றினார். மாமனார் அன்று முழுவதும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். கழுவிய தொட்டியை மறுபடி கழுவினார்.

ஆவண அலுவலகத்துக்கு மறுபடி எழுதினேன். இந்த முறை பதிலில் ஒரு உருப்படியான விஷயம் இருந்தது. ஓய்வு பெறும் நாளில் படைவீரரின் புத்தகமும் அலுவலகப் பதிவேடும் ஒப்பிடப்படும், புத்தகத்தில் இல்லாதது பதிவேட்டிலிருந்து நீக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். அப்படியானால் தப்பு அங்கே இல்லை, இந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை மொட்டைமாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். பதக்கப் பக்கத்தில் மூன்று வரி, ஒரு வரி வெற்றிடம், பிறகு நான்காவது வரி. இத்தனை நாள் இந்த வெற்றிடம் என் கண்ணில் படவில்லை என்பதை என் மேலாளரிடம் சொல்லாமல் இருப்பது நல்லது. பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். வெற்றிடத்தில் எழுத்து அழுந்திய தடம் தெரிந்தது. பென்சில். யாரோ எழுதி, யாரோ சுத்தமாக அழித்திருக்கிறார்கள்.

மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தண்ணீர்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ, நாந்தாம்மா" என்றார்.

விஷயம் இதுதான். அவருடைய பட்டாளத்தில் புதிதாக எதைப் பதிந்தாலும் கிளார்க் முதலில் பென்சிலில் எழுதுவார். மேலிடத்திலிருந்து உறுதி ஆணை வந்த பிறகுதான் அதன்மேல் மை ஏறும். இவருடைய பதக்கம் மார்புக்கு வந்துவிட்டது, ஆணை வரவில்லை. ஓய்வு பெறுவதற்கு முதல்நாள் இன்ஸ்பெக்‌ஷன். இவர் பூட்ஸைத் தேய்த்தார், பெல்ட் பித்தளையைத் தேய்த்தார், தட்டு, தம்ளர், டிரங்குப் பெட்டியின் பூட்டு எல்லாவற்றையும் தேய்த்தார். தேய்க்க எதுவும் மிச்சமில்லாதபோது புத்தகம் கண்ணில் பட்டது.

"உள்ளாற பென்சில்ல கிறுக்கி வெச்சிருந்தாங்க. இங்கிலீசு, கோழி கெளறின மாதிரி. அப்ப எனக்குக் கூட்டெழுத்து படிக்கத் தெரியாது. நாளைக்கி ஆபீசர் பாத்தா இன்னாடா புக்கு இவ்ளோ அசிங்கமா கீதுன்னு கேப்பாரேன்னு, ரப்பர வாங்கி எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

மறுநாள் ஆபீசர் புத்தகத்தைத் திறந்து பார்த்து அசந்துபோனார். இவ்வளவு சுத்தமான புத்தகத்தை இந்த யூனிட்டில் பார்த்ததில்லை என்று சொல்லி, கடைசிப் பக்கத்தில் ஒரு பாராட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது மையில் இருந்தது. உயிரைக் கொடுத்து வாங்கிய பதக்கத்தை அவரே அழித்துவிட்டார். அழித்ததற்குக் கிடைத்த பாராட்டு முப்பது வருடமாக அழியாமல் இருக்கிறது.

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். "சிரிம்மா. நானா இருந்தாலும் சிரிப்பேன்" என்றார். ஆனால் அவர் சிரிக்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாடும் சாப்பிடவில்லை. என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

பென்சில் தடத்தைப் பற்றி எழுதினேன். அழிக்கப்பட்ட பதிவு ரத்து செய்யப்பட்ட பதிவாகவே கருதப்படும் என்று பதில் வந்தது. சம்பவத்தின்போது உடனிருந்த ஒருவரின் எழுத்துமூல வாக்குமூலம் இருந்தால் பரிசீலிக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது.

உடனிருந்தவர் என்றால் இருந்தார். முதுகின் மேலேயே இருந்தார். அந்தச் சிப்பாய் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்.

திருநெல்வேலிக்காரர். ஒரே யூனிட்டில் இருந்தவர்கள், பிறகு ஒன்றாகப் பேசி வைத்து அடுத்தடுத்த மனை வாங்கி வீடு கட்டியவர்கள். நான்கு வருடமாகப் பேச்சில்லை. அவர் வீட்டுத் தென்னைமரத்தின் மட்டை எங்கள் தண்ணீர்த் தொட்டிமேல் விழுகிறது என்பது தகராறு. வேறு யாராக இருந்தாலும் தெருவில் நின்று கத்தியிருப்பார்கள். இவர்கள் பட்டாளத்துக்காரர்கள். மாமனார் ஒரு கடிதம் எழுதி அவர் கேட்டில் இருந்த தபால்பெட்டியில் போட்டார். எண், தேதி, பொருள், பார்வை எல்லாம் போட்டு. அவரும் அதே மாதிரி பதில் எழுதி எங்கள் பெட்டியில் போட்டார். அன்றிலிருந்து கடிதம்தான். எதிரெதிரே பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வார்கள், வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்வார்கள்.

நான் போய்க் கேட்டேன். அவர் என்னை உட்காரவைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்தார். சம்பந்தப்பட்ட மரத்து இளநீர்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எழுத முடியாது தாயி. அன்னைக்கு நான் மயக்கத்துல கெடந்தேன். சுட்டது தெரியும், விழுந்தது தெரியும். முழிச்சுப் பாத்தா ஆஸ்பத்திரி. நடுவுல என்னைத் தூக்குனது ஆரு, சொமந்தது ஆருன்னு நான் கண்டேனா?"

"ஊருக்கே தெரியுமே அங்கிள்."

"அப்ப ஊரை எழுதச் சொல்லு. காணாததைக் கண்டேன்னு சத்தியம் பண்ணி எழுதுனா அது பொய் சாட்சி. இதுல தென்னமரத்துக்குச் சம்பந்தமே கெடையாது கேட்டியா. அதை வேற கடுதாசில பேசிக்கிடுவோம்."

நான் இளநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வந்து மாமனாரிடம் கொட்டித் தீர்த்தேன். நீங்கள் முதுகில் தூக்கினவர் முதுகெலும்பே இல்லாதவர் என்றெல்லாம் சொல்லிவிட்டேன். அவர் எதிரியை விட்டுக்கொடுக்கவில்லை.

"அவன் சொல்றது சரிதாம்மா. காணாதத எப்டி எழுதுவான்? நானா இருந்தாலும் எழுத மாட்டேன்."

இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டிவிடலாம் போல இருந்தது. அன்று வேறு எதையோ தேடி அலமாரியைக் குடைந்தபோது தென்னைமரக் கோப்பு கையில் கிடைத்தது. கயிறு கட்டி, பக்க எண் போட்டு, முப்பத்தொரு கடிதங்கள். கோபத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். மட்டை விழுந்த நேரம் காலை ஆறு பதினைந்து. மட்டையின் நீளம் ஒன்பது அடி. மட்டை விழுந்தது காற்றினால், மரத்தின் உள்நோக்கத்தால் அல்ல. இப்படியே போயிற்று. ஒன்பதாவது கடிதத்தில் நின்றேன். அது பக்கத்து வீட்டுக்காரர் எழுதியது.

"நீர் ஒரு காலத்தில் என்னை முதுகில் சுமந்து வந்தவர் என்பதற்காக, என் மரத்தை வெட்டச் சொல்லும் உரிமை உமக்கு வந்துவிடாது."

கீழே கையெழுத்து, படை எண், பதவி, ஓய்வு, தேதி. கல்வெட்டுப் பேச்சு வருவதற்கு மூன்று வருடம் முந்தைய தேதி. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு ஊரெல்லாம் அலைந்திருக்கிறேன்.

மாமனார் அந்தக் கடிதத்தை மட்டும் உருவ விடவில்லை. "ஒண்ண உருவினா ஃபைலே கெட்டுப்பூடும். அனுப்பறதா இருந்தா மொத்தமா அனுப்பு" என்றார். மொத்தத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நோட்டரி முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, இது ராணுவமா தோட்டக்கலையா என்று கேட்டார்.

நவம்பரில் பதில் வந்தது. தென்னைமரம் தொடர்பான முப்பத்தொரு கடிதங்களும் பரிசீலிக்கப்பட்டன. மரம் குறித்து இவ்வலுவலகம் முடிவெடுக்க இயலாது. ஆயினும் ஒன்பதாம் கடிதத்தின் அடிப்படையில் பதக்கத்தைச் சேர்க்க ஒப்புதல் அளிக்கப்படுகிறது. புத்தகத்தை அசலாக அனுப்பி வைக்கவும். மாமனார் அதைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கு வருடமாகப் போடாத சத்தத்தில் மாமியாரின் படத்தைப் பார்த்து, "கேட்டுதாடி?" என்றார்.

ஜனவரி இருபத்துநான்காம் தேதி புத்தகம் பதிவுத் தபாலில் திரும்பி வந்தது. மாமனார் கையைக் கழுவி, துடைத்து, மேஜையில் விரிப்பு போட்டு அதன்மேல் வைத்துத் திறந்தார். வெற்றிடமாக இருந்த வரியில் பதக்கத்தின் பெயர் இருந்தது. பென்சிலில். கூடவே ஒரு சீட்டு. உறுதி ஆணை வரும்வரை இது தற்காலிகப் பதிவு. பென்சில் பதிவை அழிக்கக் கூடாது.

அவர் கையை மேஜையிலிருந்து எடுத்துவிட்டார், தன் கையின் மேலேயே நம்பிக்கை இல்லாதவர் போல.

"ஆணை எப்ப வரும்னு போட்டுகீதா?"

"இல்ல மாமா."

"அப்பவும் வர்ல. அப்ப எனக்கு நாப்பது. இப்ப எழுவத்திமூணு." எழுந்து போய் வீட்டில் இருந்த ரப்பர்களையெல்லாம் பொறுக்கினார். மகளின் பென்சில் பெட்டியில் இருந்த பழ வாசனை ரப்பரைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். மகள், "தாத்தா, நா ரப்பரு ஏதி?" என்று தன் ரப்பர் எங்கே எனத் தெலுங்கில் கேட்டு அழுதாள். மாமனார் சாவியை மடியில் செருகிக்கொண்டார். "பென்சில்ல கீறத மாட்டிகினு போயி நின்னா, கேக்கறவனுக்கு நான் இன்னாம்மா சொல்வேன்? நாளன்னைக்கும் நான் போவல" என்றார். அழுதாரோ இல்லையோ, எனக்கு அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் நான் ஒரு கடிதம் எழுதினேன். அவர்களுடைய முறையிலேயே. எண் முப்பத்திரண்டு. பார்வை: தங்கள் ஒன்பதாம் கடிதம். பொருள்: பதக்கம். தங்கள் கடிதம் சாட்சியாக ஏற்கப்பட்டது. பதிவு பென்சிலில் உள்ளது. ஆகவே அவர் இந்த ஜனவரி இருபத்தாறுக்கும் வரமாட்டார். தங்கள் தகவலுக்காக. பக்கத்து வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் எங்கள் கேட் திறந்தது. பக்கத்து வீட்டுக்காரர். நான்கு வருடத்தில் முதல் தடவை. இஸ்திரி போட்ட சட்டை, பையில் மைப்பேனா. மாமனார் எழுந்து நின்றார்.

"புத்தகத்தைக் காட்டும்வே."

நான்தான் எடுத்துக்கொடுத்தேன். அவர் நின்றபடியே அந்த வரியைப் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, முள்ளைத் தாளில் உரசிப் பார்த்தார். என்ன செய்யப்போகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அங்கிள், அது கவர்மெண்டு ரெக்கார்டு. அதுல நாம கை வைக்கக் கூடாது."

"தெரியும் தாயி. நானும் பட்டாளத்துல இருந்தவன்தான்."

பென்சில் எழுத்தின்மேல், ஒரு எழுத்தும் பிசகாமல், மையை ஏற்றினார். முடித்துவிட்டுப் பக்கத்தில் தன் பெயர், படை எண், தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். காணாததைக் கண்டேன் என்று எழுத மாட்டேன் என்ற அதே மனிதர்.

"அன்னைக்கு மயக்கம். இன்னைக்கு முழிச்சிருக்கேன். எவனாவது கேட்டா என்னைக் கூப்பிடும்" என்று சொல்லி, வாயால் ஊதி மையை உலர்த்தினார்.

மாமனார் உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது வீட்டில் போடும் கசங்கின சட்டையில் ஐந்தாவது பதக்கம் குத்தியிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நன்றி என்று ஒரு சொல் வரும் என்று நான் காத்திருந்தேன்.

"காலைல ஆறேகாலுக்கு மட்ட ஒண்ணு வுழுந்திச்சி" என்றார் மாமனார்.

பக்கத்து வீட்டுக்காரர் பேனாவை மூடிப் பையில் குத்திக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். "எழுத்துல குடும்" என்றார்.

மறுநாள் மாமனார் கொடியேற்றினார். செயலாளர் புத்தகத்தைப் பார்த்தார், மையைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார், கூட்டத்தில் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆளையும் பார்த்தார். புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கல் வந்தது. உறுதி ஆணை இன்றுவரை வரவில்லை.

அதற்குப் பிறகு மாமனார் இரண்டு வருடம் இருந்தார். கோப்பு ஐம்பதாம் கடிதத்தைத் தாண்டியிருந்தது. அவரை எடுத்தபோது ஐந்தையும் நானே என் கையால் மேலே வைத்தேன். பாடையின் முன்பக்கம் இடது தோளைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். எழுபது தாண்டிய ஆள், மூச்சு வாங்குகிறது. தெருமுனை வருவதற்குள் இரண்டு மூன்று இளைஞர்கள் ஓடிப் போய், பெரியவரே, உங்களுக்கு முடியாது, எங்களிடம் கொடுங்கள் என்று தோளை நீட்டினார்கள்.

அவர் தலையைத் திருப்பாமல் நடந்துகொண்டே சொன்னார்.

"எழுத்துல குடுங்கலே."